ஐந்து நானோ நொடிக் கணக்கு: ஆல்ஃபா 21064 நுண்செயலி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்செயலிகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இன்டெல் வழியாகவே அதைப் படிக்கிறார்கள். ஆனால், 1990களின் தொடக்கத்தில் வேகத்தின் எல்லையைத் தள்ளிக்கொண்டு போனது, இன்று பெயரளவில்கூட இல்லாத ஒரு நிறுவனம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1992-இல் அறிமுகப்படுத்திய ஆல்ஃபா 21064 பற்றி மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. மின்சுற்று பற்றிய பள்ளி அளவிலான அறிவு இருந்தால் போதும். மற்றவை அந்தந்த இடத்திலேயே விளக்கப்பட்டுள்ளன.

ஆல்ஃபா 21064 என்பது என்ன?

டெக் நிறுவனம் புதிதாக வகுத்த 64 பிட் ரிஸ்க் (எளிய கட்டளைகளை மட்டும் கொண்ட வகை) கட்டளைத் தொகுதியின் முதல் வணிகச் சில்லு அது. 16.8 மி.மீ. நீளமும் 13.9 மி.மீ. அகலமும் கொண்ட சிலிக்கான் துண்டில் 16 லட்சத்து 80 ஆயிரம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது 3.3 வோல்ட்டில் இயங்கி, 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 30 வாட் மின்திறனை உட்கொண்டது. கடிகாரத் துடிப்பின் ஒரே சுழற்சியில் இரண்டு கட்டளைகளை அனுப்பும் திறனும் அதற்கு இருந்தது. கட்டளைத் தொகுதியை வகுத்தவர்களில் ரிச்சர்ட் சைட்ஸ், ரிச்சர்ட் விட்டெக் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். சில்லின் சுற்று வடிவமைப்பில் டேனியல் டாபர்புல் முன்னின்றார். டெக் நிறுவனம் பிரிசம் என்ற தன் முந்தைய ரிஸ்க் திட்டத்தை 1988-இல் கைவிட்டது. அந்தத் திட்டத்தில் கற்றவை பலவும் ஆல்ஃபாவுக்குள் வந்து சேர்ந்தன.

200 மெகாஹெர்ட்ஸ் என்பது அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய எண்ணா?

ஆம். 1991-இல் வந்த மிப்ஸ் ஆர்4000 சில்லு 100 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. இன்டெல்லின் முதல் பென்டியம் 1993 மார்ச்சில் சந்தைக்கு வந்தபோது அதன் வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அறையை நிறைக்கும் மீக்கணினியான கிரே-1, 1976-இல் 80 மெகாஹெர்ட்ஸில்தான் இயங்கியது. அதுவும் குளிரூட்டும் குழாய்கள் சுற்றிலும் ஓட, ஏராளமான மின்சாரத்தை விழுங்கும் இ.சி.எல். வகைச் சுற்றுகளைக் கொண்டு. அதிவேகம் வேண்டுமென்றால் இ.சி.எல். வேண்டும், சிமாஸ் என்ற குறைந்த மின்சாரச் சுற்று வகை மலிவான, சாதுவான சில்லுகளுக்கானது என்ற எண்ணம் பொறியாளர்களிடையே அப்போது பரவலாக இருந்தது. டெக் நிறுவனமே தன் வாக்ஸ் 9000 பெருங்கணினியை இ.சி.எல். கொண்டுதான் கட்டியிருந்தது. காற்றால் குளிர்விக்கப்படும் ஒற்றைச் சிமாஸ் சில்லு 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் என்று 1992 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டபோது ஏற்பட்ட வியப்புக்கு இந்தப் பின்னணியே காரணம்.

டிரான்சிஸ்டர்கள் சிறிதானதால்தானே இந்த வேகம் கிடைத்தது?

இந்தத் தவறான கருத்து மிகப் பரவலாக இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆல்ஃபா 21064-ஐ டெக் நிறுவனம் தன் நான்காம் தலைமுறைச் சிமாஸ் முறையில் உருவாக்கியது. 0.75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவும் மூன்று அலுமினிய அடுக்குகளும் கொண்ட முறை அது. அதே நிறுவனம், அதே முறையில், அதற்குச் சற்று முன்னால் என்வாக்ஸ் என்ற இன்னொரு செயலியையும் செய்திருந்தது. பழைய வாக்ஸ் கட்டளைத் தொகுதியை இயக்கிய அந்தச் சில்லில் 13 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன் வேகமோ 71 முதல் 91 மெகாஹெர்ட்ஸ் வரைதான்.

டிரான்சிஸ்டரும் உலோகமும் ஒன்றாக இருந்தும் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபட்டது என்றால், அந்த வேறுபாட்டுக்கு வேறு காரணங்களைத் தேடத்தான் வேண்டும். அவை இரண்டு என்பது என் கணிப்பு: முதலாவது, கட்டளைத் தொகுதியிலிருந்தே எதையெல்லாம் நீக்கலாம் என்று இரக்கமின்றி எடுத்த முடிவுகள், இரண்டாவது, கடிகாரத் துடிப்பைச் சில்லு முழுவதும் ஒரே நேரத்தில் கொண்டுசேர்ப்பதற்காகச் சுற்று வடிவமைப்பில் காட்டிய பிடிவாதம். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சுற்றியே அமைகின்றன.

ஒரு சுழற்சிக்குள் எவ்வளவு வேலையை முடிக்க வேண்டும்?

200 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சிக்கு 5 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளிகூட வெற்றிடத்தில் ஒன்றரை மீட்டர்தான் கடக்கும். 21064-இன் சுழற்சி ஒன்றில் ஏறத்தாழ 16 தருக்க வாயில்களின் தாமதம் மட்டுமே அடங்கும். துடிப்புக்கு ஏற்பத் தகவலை விடுவதும் பிடித்துவைப்பதுமான, லாட்ச் எனப்படும் தேக்கச் சுற்றுகள் எடுத்துக்கொள்ளும் நேரமும் இந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும்.

இந்த நெருக்கடி 64 பிட் கூட்டலில் தெளிவாகத் தெரியும். பள்ளியில் கூட்டல் போடும்போது வலக்கோடியில் தொடங்கி, "மீதி ஒன்று" என்று இடப்பக்கம் கொண்டுபோவோம் அல்லவா? 64 இலக்கங்களுக்கு அந்த மீதி ஒவ்வொரு படியாக ஏறினால் 64 படித் தாமதம் வரும். 16 வாயில்களுக்குள் அது அடங்காது. ஆகவே வடிவமைப்பாளர்கள் ஒரே கூட்டிக்குள் பல உத்திகளைக் கலந்தார்கள். 64 பிட்களையும் எட்டு எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மீதியை வேகமாகக் கடத்தும் மான்செஸ்டர் சங்கிலி என்ற சுற்றை அமைத்தார்கள். கீழ்ப் பாதியில், குழுக்களைத் தாண்டும் மீதியை முன்கூட்டியே கணிக்கும் சுற்றைச் சேர்த்தார்கள். மேல் பாதிக்கு மட்டும் மீதி வந்தால் ஒரு விடை, வராவிட்டால் ஒரு விடை என்று இரண்டையும் போட்டு வைத்துக்கொண்டு, கீழிருந்து சேதி வந்ததும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். இடத்தைக் கூடுதலாகச் செலவழித்து நேரத்தை வாங்கும் இந்தப் பண்டமாற்று, சில்லின் வேறு பல இடங்களிலும் நடந்தது.

மற்ற வேலைகள் பைப்லைன் முறையில், அதாவது தொழிற்சாலை வரிசையைப் போல அடுத்தடுத்த கட்டங்களாக, பங்கிடப்பட்டன. முழு எண் கட்டளைகள் 7 கட்டங்களையும், மிதவைப் புள்ளி (பின்ன எண்) கட்டளைகள் 10 கட்டங்களையும் கடந்தன. கட்டங்கள் கூடினால் சுழற்சி குறுகும். ஆனால் நிரல் எந்த வழியில் தொடர வேண்டும் என்று முடிவுசெய்யும் கிளைக் கட்டளையின் திசையைத் தவறாக ஊகித்துவிட்டால் வீணாகும் சுழற்சிகளும் கூடும்.

கடிகாரத் துடிப்பை எல்லா இடத்துக்கும் அனுப்புவதில் என்ன சிரமம்? அது வெறும் கம்பிதானே?

21064-ஐப் பற்றிப் படிப்பவர்கள் தவறாமல் நின்று யோசிக்கும் இடம் இது.

சில்லில் உள்ள ஒவ்வொரு லாட்ச்சும் ஒரே துடிப்பைக் கேட்டு, ஒரே கணத்தில் திறந்து மூட வேண்டும். ஒரு மூலையில் உள்ள லாட்ச் அரை நானோ நொடி தாமதமாகத் துடிப்பைக் கேட்டால், 5 நானோ நொடியில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே தொலைந்துபோகும். 50 மெகாஹெர்ட்ஸ் சில்லில் அதே அரை நானோ நொடி நாற்பதில் ஒரு பங்குதான். பெரிதாக யாரும் கவலைப்பட மாட்டார்கள். வேகம் கூடக் கூட, முன்பு கண்ணுக்கே தெரியாத பிழைகள் எல்லாம் முதன்மைப் பிழைகளாக எழுந்து நிற்கின்றன.

வழக்கமான தீர்வு, மரக் கிளைகளைப் போலத் துடிப்பைப் பிரித்து, அங்கங்கே சிறிய ஊக்கிகளை வைத்து அனுப்புவது. ஆனால், ஒவ்வோர் ஊக்கியும் உற்பத்தியில் சற்றே மாறுபடும். ஒன்று சூடான பகுதியில் இருக்கும், மற்றொன்று குளிர்ந்த பகுதியில் இருக்கும். அதனால் கிளைக்குக் கிளை நேரம் பிறழும். டாபர்புல் குழு இதற்கு நேரெதிரான வழியைத் தேர்ந்தெடுத்தது. சில்லின் நடுவில், துடிப்பைத் தள்ளி அனுப்பும் ஒரே ஒரு பிரம்மாண்டமான ஓட்டுசுற்று. அதிலிருந்து மேல் உலோக அடுக்குகளில் விரியும் அடர்த்தியான ஒரு கம்பி வலை. அந்த வலையிலிருந்து லாட்ச்சுகள் துடிப்பை நேரடியாக எடுத்துக்கொள்ளும். இடையில் தரகர் யாரும் இல்லை. வலையில் எந்த இரண்டு புள்ளிகளும் பல பாதைகளால் இணைந்திருப்பதால், ஓரிடத்தில் ஏற்படும் தாமதத்தைச் சுற்றியுள்ள பாதைகள் ஈடுகட்டும்.

இதற்குக் கொடுத்த விலை பெரிது. அந்த வலையும் அதில் தொங்கும் லாட்ச்சுகளும் சேர்ந்து 3,250 பிகோஃபாரட் மின்தேக்கச் சுமையாக இருந்தன. அதை ஓட்டும் கடைசிக் கட்டத்து டிரான்சிஸ்டர்களின் அகலங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 35 செ.மீ. வரும். இரண்டு செ.மீ. நீளம்கூட இல்லாத சில்லுக்குள், ஒரு முழத்துக்குச் சற்றே குறைவான அகலமுள்ள டிரான்சிஸ்டரை மடித்து மடித்து வைத்தார்கள்! துடிப்பை உண்டாக்கிப் பரப்புவதற்கு மட்டுமே சில்லின் மொத்த மின்திறனில் சுமார் 40 சதவீதம் செலவாயிற்று. கணக்கு போடுவதற்கு அல்ல, தாளம் தட்டுவதற்கே இவ்வளவா என்று இன்றைய வடிவமைப்பாளர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் தாளம் பிசகினால் கச்சேரியே நடக்காது என்ற நிலையில் அது நியாயமான செலவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

துடிப்பு சற்றுப் பிறழ்ந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டிக்கொள்ளலாமே?

எல்லாப் பிழைகளும் அப்படிச் சரியாகிவிடுவதில்லை. இரண்டு வகைப் பிழைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு கணக்கு 5 நானோ நொடிக்குள் முடியவில்லை என்றால், சுழற்சியை 6 நானோ நொடியாக்கினால் போதும். சில்லு மெதுவாக ஓடினாலும் விடை சரியாக வரும்.

மற்றொரு வகை, தகவல் தாமதமாக வருவதால் அல்ல, சீக்கிரமாக வந்துவிடுவதால் ஏற்படுவது. ஒரு லாட்ச் திறந்து தகவலை வெளியே விடுகிறது. அடுத்த லாட்ச் அதற்குள் மூடியிருக்க வேண்டும், ஆனால் துடிப்புப் பிறழ்வால் இன்னும் மூடவில்லை. ஒரு சுழற்சி காத்திருக்க வேண்டிய தகவல், திறந்திருக்கும் இரண்டு கதவுகள் வழியாகவும் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். இதைக் கடிகார வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யவே முடியாது. 1 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் பிழை பிழையாகவே இருக்கும், சில்லைத் தூக்கி எறிய வேண்டியதுதான். 21064-இல் ஒற்றைக் கம்பித் துடிப்பில் இயங்கும் லாட்ச் வகையைப் பயன்படுத்தியதால் இரண்டு துடிப்புக் கம்பிகளைத் தனித்தனியே பரப்பும் தொல்லை நீங்கியது. ஆனால் அந்த வகை லாட்ச், துடிப்பின் ஏற்ற இறக்கம் கூர்மையாக இருந்தால்தான் சரியாக நடந்துகொள்ளும். ஓட்டுசுற்று அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு பெரிய சுமையைத் திடீரென்று ஓட்டும்போது மின்னழுத்தம் சரியாதா?

நிச்சயம் சரியும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3,250 பிகோஃபாரட் சுமையை 3.3 வோல்ட்டுக்கு ஏற்ற ஏறத்தாழ 10.7 நானோகூலூம் மின்னூட்டம் வேண்டும். அதை அரை நானோ நொடிக்குள் ஏற்ற வேண்டுமென்றால், அந்தக் கணத்தில் பாயும் மின்னோட்டம் சராசரியாக 21 ஆம்பியர். வீட்டில் ஏ.சி. இழுப்பதைவிட அதிகமான மின்னோட்டம், நகக்கண் அளவுள்ள ஒரு துண்டுக்குள், ஒவ்வொரு 5 நானோ நொடிக்கும் எழுந்து அடங்குகிறது. உறையின் ஊசிகளுக்கும் இணைப்புக் கம்பிகளுக்கும் மின்தூண்டல் உண்டு. மின்னோட்டம் திடீரென்று மாறுவதை அவை எதிர்க்கும். வெளியிலிருந்து மின்சாரம் வந்து சேர்வதற்குள் உள்ளே மின்னழுத்தம் விழுந்துவிடும்.

தெருக் குழாயில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்றால் நாம் என்ன செய்வோம்? மாடியில் தொட்டி கட்டி நிரப்பி வைத்துக்கொள்வோம். இங்கும் அதையேதான் செய்தார்கள். டிரான்சிஸ்டரின் மெல்லிய ஆக்சைடு அடுக்கைக் கொண்டே சில்லுக்குள் மின்தேக்கிகளை அமைத்து, குறிப்பாகத் துடிப்பு ஓட்டுசுற்றைச் சுற்றிலும் நெருக்கமாக வைத்தார்கள். அவற்றின் மொத்த அளவு 128 நானோஃபாரட். சில்லு முழுவதும் ஒரு சுழற்சியில் நிரம்பி வடியும் மின்தேக்கம் சுமார் 12.5 நானோஃபாரட்தான், ஆகவே தொட்டியின் கொள்ளளவு தேவையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. எந்தக் கணக்கும் போடாத, எந்தத் தகவலையும் வைத்திருக்காத உறுப்புகளுக்கு விலையுயர்ந்த சிலிக்கான் பரப்பை ஒதுக்கியது அக்காலத்தில் புதிய சிந்தனை. இன்று எல்லா அதிவேகச் சில்லுகளிலும் அது சாதாரணம்.

உறையிலும் இதே எண்ணம் தெரிகிறது. மொத்தம் 431 ஊசிகளில் 140 ஊசிகள் மின்சாரத்துக்கும் நிலத்தொடர்புக்கும் மட்டுமே ஒதுக்கப்பட்டன.

வெளியிலிருந்து 400 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு கொடுக்கப்பட்டது என்கிறார்களே, அது சரியா?

சரிதான். செயலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண்ணுள்ள துடிப்பை வெளியிலிருந்து கொடுத்து, உள்ளே இரண்டால் வகுத்துக்கொண்டார்கள். அப்படி வகுத்தால், உயர்நிலையும் தாழ்நிலையும் சரிபாதி நேரம் கொண்ட ஒழுங்கான துடிப்பு கிடைக்கும். பிற்காலச் செயலிகள் குறைந்த அதிர்வெண்ணை வாங்கி உள்ளேயே பெருக்கிக்கொண்டன.

30 வாட் இன்று சாதாரணம். அன்று அது ஏன் பெரிய பிரச்சினையாக இருந்தது?

30 வாட் என்ற எண்ணைவிட, அது வெளிப்படும் பரப்புதான் பிரச்சினை. சில்லின் பரப்பு சுமார் 2.3 சதுர செ.மீ.; அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 13 வாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர செ.மீ. என்று கொண்டால், அங்கே ஒரு சதுர செ.மீ.க்கு 5 வாட்தான். இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்க வேண்டும். சில்லு இருக்கக் கூடாது.

அதனால் பீங்கான் உறையில் டங்ஸ்டன் சேர்ந்த வெப்பப் பரப்பித் தகடு ஒன்றைப் பதித்து, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு திருகுத் தண்டுகளில் வெப்பம் கடத்தும் இறக்கைத் தொகுதியை மரையாணி கொண்டு நேரடியாக முடுக்கினார்கள். இன்னொரு தொல்லையும் இருந்தது. துடிப்பு ஓட்டுசுற்று நடுவில் ஒரே இடத்தில் குவிந்திருந்ததால், அந்தப் பட்டை மட்டும் மற்ற பகுதிகளைவிட அதிகமாகச் சூடேறியது. துடிப்பை ஒழுங்காக்குவதற்காக எடுத்த முடிவு வெப்பத்தை ஒழுங்கற்றதாக்கியது. அடுத்த தலைமுறையில் இதைத் திருத்தினார்கள்.

மின்னழுத்தத்தைக் குறைத்ததும் பெரிதும் உதவியது. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அன்று வழக்கத்தில் இருந்த 5 வோல்ட்டிலேயே இதே சில்லை ஓட்ட முடிந்திருந்தால் 30 வாட் என்பது 70 வாட்டை நெருங்கியிருக்கும். மெல்லிய ஆக்சைடு அதைத் தாங்கியும் இருக்காது. ஆனால் கணினிப் பலகையில் இருந்த மற்றச் சில்லுகள் பலவும் 5 வோல்ட்டில் பேசின. அவற்றோடு இணைந்து வேலை செய்வதற்காக, 5 வோல்ட் சமிக்ஞை வந்து மோதினாலும் சேதமடையாத சிறப்பு வெளியீட்டுச் சுற்றுகளைத் தனியே வடிவமைக்க வேண்டியிருந்தது.

கட்டளைத் தொகுதியிலிருந்து எதையெல்லாம் நீக்கினார்கள்?

மிகவும் விவாதிக்கப்பட்டது பைட் கட்டளைகள் இல்லாமை. முதல் ஆல்ஃபாவில் நினைவகத்திலிருந்து 32 பிட், 64 பிட் அளவுகளில் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிந்தது. ஒரே ஒரு எழுத்தை, அதாவது ஒரு பைட்டை, மாற்ற வேண்டுமானால் முழுச் சொல்லையும் (32 அல்லது 64 பிட் தொகுதி) எடுத்து, அதிலிருந்து பிரித்து, மாற்றி, சேர்த்து, திரும்ப எழுத வேண்டும். காரணம் வேகம்தான். பைட்டைப் பிரித்து நகர்த்தும் சுற்று, அடிக்கடி தேவைப்படுவதை அருகிலேயே வைத்திருக்கும் கேச் என்ற சிறு நினைவகத்திலிருந்து வரும் பாதையில் குறுக்கே நின்றால், பைட் தேவைப்படாத படிப்புகளும் சேர்ந்து தாமதமாகும். மேலும், பிழைதிருத்தக் குறியீடு சொல் அளவில் கணக்கிடப்படும் நினைவகத்தில் ஒரு பைட்டை எழுதுவதற்கே படித்து, மாற்றி, எழுதும் மூன்று வேலைகள் தேவை.

தருக்கம் சரிதான், ஆனால் உலகத்தில் உள்ள மென்பொருள் எழுத்துகளைக் கையாண்டுகொண்டே இருக்கிறது, வன்பொருள் சாதனங்களை இயக்கும் நிரல்களும் பைட் அளவிலேயே பேசப் பழகியிருந்தன. வடிவமைப்பாளர்கள் அளவுக்கு மீறிக் கறாராக இருந்த இடம் இது என்று நான் நினைக்கிறேன். 1996-இல் வந்த 21164ஏ சில்லில் பைட் கட்டளைகளை டெக் நிறுவனமே சேர்த்தது.

மற்ற நீக்கங்கள் காலத்தைத் தாங்கி நின்றன. கணக்கின் விளைவைக் குறித்துவைக்க எல்லாக் கட்டளைகளும் ஒரே இடத்தைத் தொட்டு மாற்றும் நிலைக் குறிப் பதிவகம் இல்லை. இருந்தால் இரண்டு கட்டளைகளை ஒரே நேரத்தில் அனுப்பும்போது அந்த ஒற்றை இடத்துக்காக அவை முட்டிக்கொள்ளும். அன்றைய ரிஸ்க் செயலிகள் பலவற்றில் இருந்த, கிளைக்குப் பின் வரும் கட்டளையைக் கட்டாயம் செயல்படுத்தும் ஏற்பாடும் இல்லை. கணக்கில் பிழை நேர்ந்தால் அது எந்தக் கட்டளையில் நேர்ந்தது என்று துல்லியமாகச் சொல்லும் பொறுப்பும் வன்பொருளுக்கு இல்லை. துல்லியம் தேவைப்படும் நிரல், தடுப்புக் கட்டளை ஒன்றை இட்டு, முந்தைய கணக்குகள் முடியும் வரை காத்திருக்கலாம்.

8 கிலோபைட் கேச் மிகச் சிறியதாகத் தெரிகிறதே?

சிறியதுதான், கட்டளைகளுக்கு 8, தகவலுக்கு 8 கிலோபைட். ஆனால், அந்த அளவு தற்செயலாக வந்ததல்ல. ஆல்ஃபாவின் நினைவகப் பக்கத்தின் (நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு) அளவும் 8 கிலோபைட்தான். கேச் ஒரு பக்கத்தின் அளவைத் தாண்டாவிட்டால், முகவரியின் கீழ்ப் பிட்களை வைத்து கேச்சைத் தேடத் தொடங்கிவிடலாம். நிரல் சொல்லும் முகவரியின் மேல் பிட்களை நினைவகத்தின் உண்மை முகவரியாக மாற்றும் வேலை அதற்கு இணையாகவே நடக்கும். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கக் காத்திருந்தால் 5 நானோ நொடிக் கணக்கு உதைத்துவிடும். ஒவ்வொரு முகவரிக்கும் ஒரே ஓர் இடம் என்ற எளிய அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் அதே அவசரத்தால்தான்.

இதன் விலை, வெளி நினைவகத்தை அடிக்கடி நாட வேண்டியிருந்தது. 60 நானோ நொடி எடுக்கும் டிராம் எனப்படும் முதன்மை நினைவகத்துக்கு ஒருமுறை போய்வந்தால் 12 சுழற்சிகள் போய்விடும். ஒரு சுழற்சிக்கு இரண்டு கட்டளைகள் என்ற கணக்கில் அது 24 கட்டளைகளின் இழப்பு. ஆகவே 21064-ஐச் சுற்றி, சில்லுக்கு வெளியே, பெரிய இரண்டாம் நிலை கேச் ஒன்றை வைப்பது ஏறத்தாழ கட்டாயமாயிற்று.

சில்லு தயாராகும் வரை மென்பொருள் எழுதுபவர்கள் என்ன செய்தார்கள்?

பழைய 1 மைக்ரான் முறையில், மிதவைப் புள்ளிப் பகுதி இல்லாமல், 1 கிலோபைட் அளவுள்ள குட்டி கேச்சுகளோடு ஒரு முன்னோட்டச் சில்லைச் செய்தார்கள். அதைக் கொண்டு கட்டப்பட்ட செயல்விளக்கக் கணினிகளில் இயங்குதளங்களை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. கட்டளைத் தொகுதியில் இருந்த குழப்பங்களும் அப்போதே வெளிவந்தன.

200 என்று அறிவித்துவிட்டு முதலில் ஏன் அதைவிடக் குறைந்த வேகத்தில் விற்றார்கள்?

ஒரே சிலிக்கான் தகட்டில் பிறந்த சில்லுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆக்சைடின் தடிமன், டிரான்சிஸ்டர் வாயிலின் நீளம் போன்றவற்றில் ஏற்படும் நுண்ணிய மாறுபாடுகளால் சில வேகமாகவும் பல நடுத்தரமாகவும் அமையும். 1992 இறுதியில் வந்த டெக் 3000 பணிநிலையங்களில் 133, 150 மெகாஹெர்ட்ஸ் சில்லுகள் இடம்பெற்றன. 200 மெகாஹெர்ட்ஸ் சில்லு விலையுயர்ந்த பெருங்கணினிக்கு ஒதுக்கப்பட்டது. 1993-இல் வந்த கிரே டி3டி மீக்கணினி, 150 மெகாஹெர்ட்ஸ் ஆல்ஃபாக்களை நூற்றுக்கணக்கில் ஒன்றிணைக்கும்படி அமைந்திருந்தது.

அடுத்த தலைமுறைகளில் இதே வழி தொடர்ந்ததா?

ஓரளவுக்கு. 1994-இல் அறிவிக்கப்பட்ட 21164, 93 லட்சம் டிரான்சிஸ்டர்களோடு 300 மெகாஹெர்ட்ஸை எட்டியது. அதன் திறன் 50 வாட். நடுவில் இருந்த ஒற்றை ஓட்டுசுற்றை இரண்டாகப் பிரித்துத் தள்ளி வைத்ததால் வெப்பம் பரவியது, துடிப்பின் நேர வேறுபாடும் குறைந்தது. முதல் நிலை கேச்சைப் பெரிதாக்காமல், 96 கிலோபைட் இரண்டாம் நிலை கேச்சைச் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். சுழற்சிக்கு 16 வாயில் என்ற கணக்கு 14 ஆயிற்று.

21264 வந்தபோது அது 12 ஆகச் சுருங்கியது. வேகம் 600 மெகாஹெர்ட்ஸ், டிரான்சிஸ்டர்கள் ஒரு கோடியே 52 லட்சம். அங்கே பழைய வழி தாங்கவில்லை. சில்லின் எல்லா லாட்ச்சையும் எப்போதும் ஒரே வலையிலிருந்து ஓட்டினால் மின்திறன் கட்டுக்கடங்காது என்பதால், தேவைப்படாத பகுதிகளின் துடிப்பை நிறுத்திவைக்கும் உள்ளூர்ச் சுற்றுகளை ஏற்றுக்கொண்டார்கள். 1992-இல் வேண்டாம் என்று ஒதுக்கிய இடைத்தரகர்கள் திரும்பி வந்தார்கள். மின்சாரம் வழங்குவதற்கு, கம்பிகள் போதாமல், இரண்டு முழு அலுமினியத் தகடுகளையே உலோக அடுக்குகளாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

டெக் நிறுவனத்தை 1998-இல் காம்பேக் வாங்கியது. ஆல்ஃபாவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2001-இல் அறிவித்தது. தொழில்நுட்பத் தோல்வியால் அது முடியவில்லை. விற்பனை எண்ணிக்கை போதாமல் முடிந்தது.

வேகத்துக்காகக் கற்றவை குறைந்த மின்திறன் சில்லுகளுக்குப் பயன்பட்டனவா?

பயன்பட்டன, டாபர்புல் அடுத்துப் பங்கேற்ற வேலையே அதுதான். டெக் நிறுவனம் ஆர்ம் கட்டளைத் தொகுதியைக் கொண்டு 1996-இல் வெளியிட்ட ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-110 சில்லின் வடிவமைப்பாளர்கள், 21064-ஐயே தொடக்கப் புள்ளியாக வைத்து ஒரு கணக்கைக் காட்டினார்கள். மேலே சொன்ன 30 வாட், 3.3 வோல்ட்டுக்குச் சற்று மாறாக, 200 மெகாஹெர்ட்ஸில் 26 வாட், 3.45 வோல்ட் என்று தொடங்கினார்கள். மின்னழுத்தத்தை 3.45 வோல்ட்டிலிருந்து 1.5 வோல்ட்டுக்கு இறக்கினால் திறன் 5.3 மடங்கு குறையும். மிதவைப் புள்ளி போன்ற பகுதிகளை நீக்கினால் 3 மடங்கு. உற்பத்தி முறை சிறிதாவதால் 2 மடங்கு. துடிப்பின் சுமையைக் குறைத்தால் 1.3 மடங்கு. வேகத்தை 160 மெகாஹெர்ட்ஸாக்கினால் 1.25 மடங்கு. எல்லாவற்றையும் அடுத்தடுத்து வகுத்துக்கொண்டே வந்தால் அரை வாட்டில் வந்து நிற்கும். 1997-இல் வெளியான ஆப்பிளின் கைக்கணினியான நியூட்டன் மெசேஜ்பேட் 2000, பென்சில் மின்கலங்கள் நான்கைக் கொண்டு இந்தச் சில்லை ஓட்டியது.